சுவருக்குள் ஒரு பஞ்சு மூட்டை!

துணி உலர்த்தும் எந்திரத்தின் குழாயைக் கவனிக்காவிட்டால் வீட்டுக்கே ஆபத்து

பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கக்கூடாது.

நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுக்கு வீடு பஞ்சும் நெருப்பும் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன!

அந்தப் பெட்டிதான் துணி உலர்த்தும் எந்திரம். "டிரையர்" என்று சொல்வார்கள்.

நம் வீடுகளில் துவைத்த துணியைக் கொடியில் போடுகிறோம். வெயில் காய வைக்கிறது. காற்று உதறிக் கொடுக்கிறது. காசு செலவில்லை.

அங்கே அப்படி முடியாது. குளிர்காலத்தில் பல ஊர்களில் பனி கொட்டும். ஈரத்துணியை வெளியே போட்டால் அப்பளம் போல விறைத்துவிடும். ஆகவே சலவை எந்திரத்துக்குப் பக்கத்திலேயே உலர்த்தும் எந்திரமும் நிற்கிறது. ஈரத்துணியை உள்ளே போட்டு, பொத்தானை அழுத்தினால் போதும். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் துணி மொடமொடவென்று வந்துவிடும்.

மகளுக்குப் பிரசவம் என்று தமிழ்நாட்டில் இருந்து விமானம் ஏறும் தாய்மார்கள் இன்று ஏராளம். போய் இறங்கிய மறுநாளே குழந்தைத் துணி மலைபோலக் குவியும். அதை எந்திரத்தில் போட்டு எடுக்கும் வேலை பாட்டியின் கைக்கு வந்துவிடும்.

எந்தப் பொத்தானை அழுத்தவேண்டும் என்று மகள் சொல்லிக்கொடுப்பாள்.

ஆனால் அந்த எந்திரத்துக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறதே, அதைப் பற்றி பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. மகளுக்கே தெரியாமல் இருக்கலாம். மருமகனும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

அந்தக் குழாயில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

ஆண்டுக்கு 2,900 தீ விபத்து

இது வீண் பயம் அல்ல. கணக்கு இருக்கிறது.

அமெரிக்க அரசின் தீயணைப்புத்துறை நிர்வாகம், 2008-ம் ஆண்டு முதல் 2010-ம் ஆண்டு வரை நடந்த விபத்துகளை எடுத்து ஆராய்ந்தது. உலர்த்தும் எந்திரங்களால் மட்டும், குடியிருப்புக் கட்டிடங்களில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீ விபத்துகள் நடந்திருப்பது தெரிந்தது.

அந்த விபத்துகளில் ஆண்டுக்கு 5 பேர் மாண்டார்கள். 100 பேர் காயம் அடைந்தார்கள். 3½ கோடி டாலர் மதிப்புள்ள சொத்து நாசம் ஆயிற்று.

காரணம் என்ன?

பல காரணங்கள் இருந்தன. அவற்றுள் முதல் இடம் பிடித்தது எது தெரியுமா? "சுத்தம் செய்யாமல் விட்டது." நூற்றுக்கு 34 விபத்துகளுக்கு இதுவே காரணம்!

முதலில் தீப்பற்றிய பொருள் எது என்றும் பார்த்தார்கள். தூசியும் பஞ்சும்தான் முதல் இடத்தில் நின்றன. அதற்கு அடுத்தபடி, உள்ளே கிடந்த துணிகள்.

எந்த மாதத்தில் விபத்து அதிகம்? ஜனவரியில்! குளிர் அதிகம் உள்ள மாதம் அது. கனத்த உடைகள் நிறையத் துவைக்கவேண்டி இருக்கும். எந்திரமும் ஓய்வில்லாமல் ஓடும்.

"ஜூன் மாதத்து நாள்"

உலர்த்தும் எந்திரம் நேற்று முளைத்தது அல்ல.

1800-ம் ஆண்டு வாக்கிலேயே பிரான்சு நாட்டில் போஷோன் என்பவர் ஒரு கருவி செய்தார். ஓட்டை போட்ட உருளைக்குள் ஈரத்துணியைப் போடவேண்டும். கீழே நெருப்பு எரியும். கையால் உருளையைச் சுற்றவேண்டும். துணி காயும். ஆனால் புகை நாற்றம் அடிக்கும். சில சமயம் துணி கருகியும் போகும்.

1892-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் சாம்ப்சன் என்பவர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். அவர் ஒரு கறுப்பர். அடுப்பின் சூட்டைக் கொண்டே துணியை உலர்த்தும் சட்டம் ஒன்றைச் செய்து, அதற்கு அரசாங்கத்தின் காப்புரிமையும் பெற்றார்.

மின்சார எந்திரம் வந்தது பிறகுதான்.

அமெரிக்காவின் வட டக்கோட்டா மாநிலம் கடுங்குளிருக்குப் பெயர் போனது. அங்கே ராஸ் மூர் என்று ஒருவர் இருந்தார். கொட்டும் குளிரில் ஈரத்துணியை வெளியே காயப்போடும் தொல்லைக்கு முடிவுகட்ட விரும்பினார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு, உள்ளே சூடேற்றிய உருளை ஒன்றை வைத்து, துணியைச் சுழலவிட்டார். பிறகு பல ஆண்டுகள் பாடுபட்டு எந்திரத்தைச் சீர்திருத்தினார்.

கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ஆமில்டன் என்ற கம்பெனி அதை வாங்கியது. 1938-ம் ஆண்டில் விற்பனைக்கு விட்டது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "ஜூன் மாதத்து நாள்"!

நமக்கு ஜூன் என்றால் கத்தரி வெயிலின் மிச்சம். அவர்களுக்கு ஜூன் என்றால் இதமான வெயில். வெளியே பனி கொட்டினாலும் வீட்டுக்குள் ஜூன் மாத வெயில் அடிக்கும் என்பது பெயரின் பொருள்.

வெயிலைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள். ஆனால் அந்த வெயிலோடு பஞ்சும் வந்து சேர்ந்துகொண்டது!

பஞ்சு எங்கிருந்து வருகிறது?

எந்திரத்தின் உள்ளே ஒரு பெரிய உருளை இருக்கிறது. துணிகளை அது புரட்டிப் புரட்டிப் போடும். மின்சாரக் கம்பிச் சுருள் ஒன்று சிவக்கச் சிவக்கக் காய்ந்து காற்றைச் சூடாக்கும். சில எந்திரங்களில் கம்பிக்குப் பதில் எரிவாயு எரியும். அந்தச் சூடான காற்றை ஒரு விசிறி துணிகளின் ஊடே இழுக்கும்.

சூடான காற்று துணியில் உள்ள ஈரத்தைக் குடிக்கிறது. ஒரு தடவை போடும் துணியில் 2, 3 லிட்டர் தண்ணீர் இருக்கும். அவ்வளவும் ஆவியாகி வெளியே போகவேண்டும்.

போகும் வழிதான் அந்தக் குழாய். 4 அங்குல அகலம். எந்திரத்தின் முதுகில் தொடங்கி, சுவர் வழியாகவோ கூரை வழியாகவோ வீட்டுக்கு வெளியே போய் முடியும். முடியும் இடத்தில் ஒரு சிறு மூடி உண்டு. எந்திரம் ஓடும்போது காற்று தள்ளுவதால் மூடி திறக்கும். நின்றதும் தானே விழுந்து மூடிக்கொள்ளும்.

ஈரம் மட்டும் வெளியே போனால் தொல்லை இல்லை. பஞ்சும் சேர்ந்து போகிறது.

ஏது பஞ்சு?

துணி உருளும்போது ஒன்றோடு ஒன்று உரசுகிறது. நூலில் இருந்து பூப்போலத் துகள்கள் உதிர்கின்றன. புதுத் துண்டு ஒரு வருடத்தில் மெலிந்துபோகிறதே, மெலிந்த அந்தப் பங்கு எங்கே போயிற்று? அதுதான் பஞ்சாகப் பறக்கிறது!

இந்தப் பஞ்சைப் பிடிப்பதற்காக எந்திரத்தில் ஒரு சல்லடை வைத்திருக்கிறார்கள். பெரும்பகுதியை அது பிடித்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. பொடித் துகள்கள் சல்லடைக் கண் வழியாகத் தப்பி ஓடிவிடும்.

அவை போகும் குழாய் குளிர்ந்து கிடக்கிறது. ஈரக்காற்று அதில் பட்டதும் குழாயின் உட்புறம் வியர்க்கிறது. ஈரமான சுவரில் பஞ்சு ஒட்டிக்கொள்கிறது. அதன் மேல் இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறது. வளைவுகளில் இன்னும் அதிகம்.

மனிதனின் ரத்தக்குழாயில் கொழுப்பு படிவது போல!

முதல் மாதம் ஒன்றும் தெரியாது. முதல் வருடம்கூடத் தெரியாமல் போகலாம். ஆனால் 4 அங்குலக் குழாய் 3 அங்குலமாகி, பிறகு 2 அங்குலமாகிவிடும். சுவருக்குள் ஒரு பஞ்சு மூட்டை தயாராகிவிடும்.

தீ எப்படிப் பிடிக்கிறது?

குழாய் அடைத்தால் காற்று போகாது. காற்று போகாவிட்டால் சூடும் போகாது. உள்ளேயே தேங்கும்.

சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவிகள் எந்திரத்தில் உண்டு. மெய்தான். ஆனால் கருவி பழுதாவதும் உண்டு. அது ஒழுங்காக இருந்தாலும், குழாய் அடைத்திருக்கும்போது எந்திரத்தின் உடம்புக்குள்ளேயே பஞ்சு சேர ஆரம்பிக்கிறது. சிவக்கக் காய்ந்த கம்பிக்குப் பக்கத்தில் அந்தப் பஞ்சு போய் விழுந்தால் பற்றிக்கொள்ளும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் கொடுமை.

விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது அல்லவா? அது பொறியை இழுத்துக் குழாய்க்குள் தள்ளும். குழாய் நிறையக் காய்ந்த பஞ்சு! சுவருக்குள்ளேயே தீ ஓடிவிடும்.

இந்தப் பஞ்சு எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். காட்டுக்குச் சென்று கூடாரம் அடித்துத் தங்கும் அமெரிக்கர்கள் பலர், விறகு பற்றவைப்பதற்காக இதைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்!

எரிவாயு எந்திரத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எரிவாயு எரியும்போது நச்சுக்காற்று உண்டாகும். கார்பன் மோனாக்சைடு என்பது அதன் பெயர். அதுவும் இந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். குழாய் அடைத்தால் அது வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. தலைவலி வரும், தலை சுற்றும், குமட்டும். தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே உயிர் விடலாம். எரிவாயு உள்ள வீட்டில் இந்த நச்சுக்காற்றைக் கண்டு அலறும் கருவியைக் கட்டாயம் மாட்டவேண்டும்.

எந்திரம் சொல்லும் சேதி

குழாய் அடைக்கிறது என்பதை எந்திரமே நமக்குச் சொல்லும். கவனிக்கத் தெரியவேண்டும். அவ்வளவுதான்.

1. ஒரே ஓட்டத்தில் காய்ந்த துணி இப்போது இரண்டு ஓட்டம் கேட்கிறதா? இதுதான் முதல் அறிகுறி. "எந்திரம் பழசாகிவிட்டது" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பழசானது எந்திரம் அல்ல. அடைத்தது குழாய்!

2. எந்திரத்தின் மேல் தகட்டைத் தொட்டால் கை சுடுகிறதா?

3. துணியை எடுக்கும்போது வழக்கத்தைவிட அதிகமாகச் சுடுகிறதா? ஆனாலும் ஈரம் இருக்கிறதா?

4. எந்திரம் உள்ள அறை புழுங்குகிறதா? ஜன்னல் கண்ணாடியில் நீர்த்துளி கோக்கிறதா?

5. கருகல் வாடை வருகிறதா?

6. எந்திரம் ஓடும்போது வெளியே போய்ப் பாருங்கள். சுவரில் உள்ள மூடி நன்றாகத் திறந்து, சூடான காற்று கையில் வேகமாக அடிக்கவேண்டும். மூடி அரைகுறையாக ஆடினால் உள்ளே அடைப்பு என்று பொருள்.

கருகல் வாடை வந்தால் அந்த நிமிடமே எந்திரத்தை நிறுத்திவிடவேண்டும். குழாயைச் சுத்தம் செய்து, எந்திரத்தைப் பரிசோதிக்கும் வரை மறுபடி ஓட்டக்கூடாது.

இதில் பணச் செலவும் இருக்கிறது. மின்சார எந்திரத்தின் சூடேற்றும் கம்பி சுமார் 5,000 வாட் மின்சாரம் இழுக்கும். அதாவது, 5 இஸ்திரிப் பெட்டிகளை ஒரே சமயத்தில் போட்டது போல! ஒரு மணி நேரத்தில் முடியவேண்டியது இரண்டு மணி நேரம் ஓடினால் மின்சார பில் என்ன ஆகும்? துணியும் சீக்கிரம் நைந்துபோகும்.

ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிட வேலை

தடுப்பது சுலபம்.

ஒவ்வொரு தடவை எந்திரத்தை ஓட்டுவதற்கு முன்பும் சல்லடையை உருவி எடுக்கவேண்டும். சில எந்திரங்களில் அது கதவுக்குள்ளே இருக்கும். சிலவற்றில் மேல் தகட்டில் இருக்கும். அதன் மேல் மெல்லிய கம்பளி போலப் பஞ்சு படிந்திருக்கும். விரலால் சுருட்டினால் பாய் போல வந்துவிடும். குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, சல்லடையை மறுபடி சொருகவேண்டும்.

ஒரு நிமிட வேலை. தினம் பல் விளக்குவது போல.

சல்லடை இல்லாமல் ஒரு தடவைகூட ஓட்டக்கூடாது. சல்லடை கிழிந்திருந்தால் உடனே புதிது வாங்கவேண்டும்.

துணி மெதுவாக இருப்பதற்காகவும் மணப்பதற்காகவும் ஒருவித மணத்தாளை உள்ளே போடும் வழக்கம் அங்கே இருக்கிறது. அதில் உள்ள மெழுகு போன்ற பொருள் சல்லடைக் கண்களை மூடிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பார்ப்பதற்குச் சல்லடை சுத்தமாகவே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சல்லடையைக் குழாயடியில் நீட்டித் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் சட்டென்று கீழே இறங்கினால் நல்லது. தட்டில் நிற்பதுபோல மேலேயே நின்றால் கண் அடைத்துவிட்டது. சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். மெதுவாகத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடவேண்டும். மாதம் ஒரு முறை இதைச் செய்யலாம்.

வருடத்துக்கு ஒரு நாள்

குழாயை வருடத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்யவேண்டும். பெரிய குடும்பம், கைக்குழந்தை உள்ள வீடு, நாய் பூனை வளர்க்கும் வீடு என்றால் அதற்கு முன்பே செய்வது நல்லது. குளிர்காலம் தொடங்கும் முன்பு செய்துவிட்டால் நிம்மதி.

எரிவாயு எந்திரமாக இருந்தால், எந்திரத்தை நகர்த்தவே கூடாது. எரிவாயுக் குழாய் கழன்றால் ஆபத்து. அதற்கு உரிய தொழிலாளியைக் கூப்பிடவேண்டும். கூரை வழியாகக் குழாய் போகும் வீட்டிலும் அப்படியே. பனி படிந்த கூரையில் ஏறி விழவேண்டாம்.

மின்சார எந்திரமாக இருந்து, குழாயும் பக்கத்துச் சுவரிலேயே முடிந்தால், வீட்டில் உள்ளவர்களே செய்துகொள்ளலாம். செய்முறை வருமாறு:

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அமெரிக்க வீடுகளில் பெரும்பாலான சாமான்களுக்கு 120 வோல்ட் மின்சாரம். இதற்கு 240 வோல்ட். விளையாட்டு அல்ல.

எந்திரத்தை மெதுவாக முன்னால் இழுங்கள். இரண்டு பேர் பிடித்தால் நல்லது. குழாய் நசுங்கக்கூடாது.

எந்திரத்தின் முதுகில் குழாயைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருப்புளியால் தளர்த்தி, குழாயைக் கழற்றுங்கள்.

எந்திரத்தின் வாயிலும் குழாயின் வாயிலும் உள்ள பஞ்சைக் கையால் எடுங்கள். மீதியைத் தூசி உறிஞ்சும் எந்திரத்தால் உறிஞ்சுங்கள்.

குழாய்க்கு என்றே நீளமான பிரஷ் கடையில் கிடைக்கிறது. நம் ஊர் ஒட்டடைக் கம்பு போல! கம்புகளை ஒன்றோடு ஒன்று திருகி நீளமாக்கிக்கொள்ளலாம். அதைக் குழாய்க்குள் விட்டு, ஒரே திசையில் சுற்றியபடி முன்னும் பின்னும் இழுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் கம்பு கழன்று உள்ளேயே தங்கிவிடும்!

பிறகு வெளியே போய், மூடியில் ஒட்டிய பஞ்சை எடுங்கள். மூடி தாராளமாக ஆடவேண்டும். வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று அதற்குள் குருவிகள் கூடு கட்டுவது உண்டு. மூடி உடைந்திருந்தால் புதிது போடுங்கள்.

எந்திரம் நின்ற இடத்தில் தரையையும் கூட்டுங்கள். எந்திரத்துக்கு அடியில் பஞ்சு சேர்ந்திருக்கும்.

குழாயை மறுபடி மாட்டி, வளையத்தை முடுக்குங்கள். எந்திரத்தைப் பின்னால் தள்ளும்போது குழாய் மடங்காமல் பாருங்கள். சுத்தம் செய்த குழாயை நசுக்கி வைத்தால் உழைப்பு வீண்.

கடைசியாக, துணி போடாமல் 10 நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் தூசி வெளியே வந்துவிடும். வெளியே கையை வைத்துப் பாருங்கள். காற்று வேகமாக அடிக்கிறதா? வேலை முடிந்தது!

எந்தக் குழாய் நல்லது?

சில வீடுகளில் பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருப்பார்கள். உடனே கழற்றி எறியவேண்டும். தீப்பிடித்தால் அதுவும் சேர்ந்து எரியும்.

மெல்லிய தாள் போன்ற குழாயும் வேண்டாம். ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி போல அது மடிப்பு மடிப்பாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு உட்கார்ந்துகொள்ளும்.

உள்ளே வழவழப்பாக இருக்கும் கெட்டியான தகரக் குழாயோ அலுமினியக் குழாயோதான் நல்லது. எந்திரத்தையும் சுவரையும் இணைக்கும் சிறு துண்டு மட்டும் வளையக்கூடிய உலோகக் குழாயாக இருக்கலாம். அதுவும் இந்த வேலைக்கென்று சோதித்து முத்திரை குத்தியதாக இருக்கவேண்டும்.

இணைப்புகளில் நீளமான திருகாணி போடக்கூடாது. அதன் கூர் உள்ளே நீட்டிக்கொண்டு நின்று பஞ்சைப் பிடிக்கும். இணைப்புக்கு அலுமினிய டேப் ஒட்டவேண்டும். சாதாரணத் துணி டேப் சூட்டில் உரிந்துவிடும்.

குழாய் எவ்வளவு நீளம் போகலாம்? அமெரிக்கக் கட்டிட விதிகள் பொதுவாக 35 அடி என்கின்றன. ஆனால் ஒரு செங்குத்து வளைவு இருந்தால் அதில் 5 அடியைக் கழிக்கவேண்டும். இரண்டு வளைவு இருந்தால் 25 அடிதான் மிஞ்சும். வளைவு கூடினால் காற்று திணறும். எந்திரம் செய்த கம்பெனியே வேறு அளவு சொல்லியிருந்தால் அதன்படி நடக்கலாம்.

வெளி வாயில், பூச்சி வராமல் இருக்கட்டும் என்று சிலர் கம்பி வலை அடிக்கிறார்கள். பெரிய தவறு! ஒரே மாதத்தில் பஞ்சு வந்து வலையை அடைத்துவிடும். கட்டிட விதிகளும் இதைத் தடை செய்கின்றன.

பரணிலோ தரைக்கு அடியிலோ குழாயை முடித்துவிடுவதும் கூடாது. ஈரம் அங்கேயே தங்கும். மரம் பூசணம் பிடித்து அழுகும். பஞ்சும் அங்கேயே குவியும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லி வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

எண்ணெய்க் குளியல் துண்டு: உஷார்!

நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது நம் வழக்கம். குழந்தைக்கும் எண்ணெய் தேய்ப்போம். அமெரிக்கா போனாலும் பாட்டி இதை விடுவதில்லை. எண்ணெய் துடைத்த துண்டையும் மற்றத் துணியோடு சேர்த்துத் துவைத்து, எந்திரத்தில் உலர்த்தப் போட்டுவிடுவார்கள்.

இது கூடாது!

நல்லெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் காற்றில் உள்ள பிராணவாயுவோடு மெல்ல மெல்லக் கலக்கும். கலக்கும்போது சூடு உண்டாகும். துணி விரித்துக் கிடந்தால் அந்தச் சூடு காற்றில் போய்விடும். ஆனால் எந்திரத்தில் சூடேறிய துண்டுகளைக் குவித்து வைத்தால், நடுவில் உள்ள சூடு வெளியேற வழி இல்லை. ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரத்துக்குப் பிறகு, யாரும் நெருப்பு வைக்காமலே, குவியல் புகைந்து பற்றிக்கொள்ளும்!

"துவைத்தாகிவிட்டதே" என்று சொல்லமுடியாது. ஒரு தடவை துவைத்தால் எண்ணெய் முழுவதும் போவதில்லை. எண்ணெய் வாடை இருந்தால் எண்ணெய் இருக்கிறது என்றே அர்த்தம்.

சமையலறையில் எண்ணெய் துடைத்த துணிக்கும் இதே விதிதான். பெட்ரோல், பெயிண்டு, மெழுகுப் பாலிஷ் பட்ட துணியையும் எந்திரத்தில் போடக்கூடாது. இவற்றைக் கம்பியில் விரித்துப் போட்டுத்தான் காயவைக்கவேண்டும்.

மற்றத் துணிகளையும், ஓட்டம் முடியும் முன்பு அவசரப்பட்டு நிறுத்திவிட்டு உள்ளேயே விடக்கூடாது. கடைசிச் சில நிமிடம் எந்திரம் துணியை ஆறவைக்கும். அது முடிந்ததும் எடுத்து உதறி மடித்துவிடவேண்டும்.

எந்திரத்தை ஓடவிட்டு வெளியே போகக்கூடாது. படுக்கப் போகவும் கூடாது.

உள்ளே தீப்பிடித்துவிட்டால்? எந்திரத்தின் கதவைத் திறக்காதீர்கள்! திறந்தால் காற்று புகுந்து தீ பெரிதாகும். குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வெளியே வந்து 911 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதுதான் எண். சாமானை எடுக்க உள்ளே திரும்பாதீர்கள்.

குழாய் இல்லாத எந்திரம்

இப்போது குழாய் இல்லாத எந்திரங்களும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. இவை ஈரக்காற்றை வெளியே அனுப்புவதில்லை. உள்ளேயே குளிரவைத்து, தண்ணீராக மாற்றி, ஒரு தொட்டியிலோ சாக்கடையிலோ விடுகின்றன. ஐரோப்பாவில் இந்த வகை அதிகம். இவற்றுள் சில வகைகளில் மின்சாரமும் குறைவாகச் செலவாகும்.

சென்னை போன்ற நகரங்களில் அடுக்குமாடி வீடுகளிலும் உலர்த்தும் எந்திரம் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. மழைக்காலத்தில் துணி காயாத தொல்லை நமக்கும் உண்டு அல்லவா?

எந்த வகை வாங்கினாலும் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். துணி உரசினால் பஞ்சு உதிரும். உதிர்ந்த பஞ்சு எங்காவது சேரும். எங்கே சேருகிறது என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தைச் சுத்தமாக வைக்கவேண்டும்.

கொடிக்கும் மதிப்பு!

அமெரிக்காவிலும் கனடாவிலும் எத்தனையோ குடியிருப்புகளில் வெளியே துணி காயப்போடவே தடை இருந்தது. "பார்க்க அழகாக இல்லை" என்று சங்கங்கள் விதி போட்டுவைத்தன.

"வெயிலில் துணி காயவைக்கக்கூட உரிமை இல்லையா?" என்று மக்கள் குரல் எழுப்பினார்கள். 2008-ம் ஆண்டில் கனடாவின் ஒண்டாரியோ மாநில அரசு இந்தத் தடைகளை நீக்கியது. தமிழர்கள் பெருவாரியாக வாழும் டொரண்டோ நகரம் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. மறு ஆண்டு, அமெரிக்காவின் வெர்மாண்டு மாநிலமும் கொடி கட்டும் உரிமைக்குச் சட்டம் செய்தது.

ஆகவே, வெயில் அடிக்கும் நாளில் கொடியில் போடுவதே நல்லது. எண்ணெய்த் துண்டுக்கு எப்போதும் கொடிதான்.

பனி கொட்டும் நாளில் எந்திரம் ஓடட்டும். தவறு இல்லை. ஆனால் அதற்கு மூச்சுவிட வழி இருக்கவேண்டும்.

மகள் வீட்டுக்குப் போகும் தாய்மார்கள் பேரனைக் கொஞ்சுங்கள். பத்தியச் சாப்பாடு செய்து போடுங்கள். கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் மருமகனைக் கூப்பிட்டு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"மாப்பிள்ளை, துணி காயவைக்கும் எந்திரத்தின் குழாயைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்?"

மாப்பிள்ளை விழித்தால், அந்தச் சனிக்கிழமையே திருப்புளியை எடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்!